இரண்டு கிராபிக்ஸ் சில்லுள்ள மடிக்கணினியில் லினக்ஸ்: பேட்டரி தீராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

விண்டோஸில் ஆறு மணி நேரம் ஓடிய மடிக்கணினி, லினக்ஸ் நிறுவியதும் மூன்று மணி நேரத்தில் அணைந்துவிடுகிறதா? எதையும் திறக்காமல் வைத்திருந்தாலும் விசிறி இரைந்துகொண்டே இருக்கிறதா? விசைப்பலகையின் அடியில் சுடுகிறதா? இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இரண்டாவது கிராபிக்ஸ் சில்லை. வேலை எதுவும் இல்லாத நேரத்திலும் அது விழித்திருந்து மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும்.

இதற்கான தகவல்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. சிக்கல் என்னவென்றால், அவற்றில் பல பத்து வருடம் பழையவை. பம்பிள்பீ (இரண்டு சில்லுகளுக்கிடையே மாற அந்தக் காலத்தில் பயன்பட்ட மென்பொருள்) நிறுவச் சொல்லும் குறிப்பைப் பார்த்தால் உடனே மூடிவிடுங்கள். அதற்கான தேவை போய்விட்டது. பழையதையும் புதியதையும் கலந்து செய்தால் திரை கறுத்து நிற்பதுதான் மிச்சம். அந்தக் குழப்பத்தில் நன்றாகத் திணறிய பிறகே எதை முதலில் செய்வது, எதைத் தொடவே கூடாது என்ற வரிசை எனக்குப் பிடிபட்டது. அந்த வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

இன்டெல் அல்லது ஏஎம்டி செயலியோடு சேர்ந்த கிராபிக்ஸ், அதோடு தனியாக ஒரு என்விடியா சில்லு, அதில் உபுண்டு 24.04: இதையே முதன்மையாக வைத்துக்கொள்கிறேன். லினக்ஸ் மின்ட், ஃபெடோரா வைத்திருப்பவர்களுக்கு வேறுபடும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்பு விளங்கும்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் எழுத்துச் சாளரம்) அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும். முடிந்த இடத்தில் எல்லாம் டெர்மினல் இல்லாத வழியையே சொல்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

செலவு என்று பார்த்தால் பெரிதாக எதுவும் இல்லை. எல்லா மென்பொருளும் இலவசம். என்விடியா டிரைவர் சில நூறு எம்பி இருக்கும் என்பதால் கைபேசி டேட்டாவை நம்பி உட்காராமல், நல்ல வைஃபை இருக்கும் இடத்தில் செய்யுங்கள். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் உபுண்டுவின் நிறுவல் படிமத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கணினி எழும்பாமல் போனால் கோப்புகளை மீட்க அதுதான் துணை. ஒரு நாளின் பாதியை ஒதுக்குங்கள். நாளைக்குத் தேர்வோ அலுவலகத்தில் முக்கியமான கூட்டமோ இருந்தால் இன்றிரவு இதைத் தொடாதீர்கள்.

அதே கணினியில் விண்டோஸும் இருந்தால், மற்ற எதற்கும் முன்னால் விண்டோஸின் வட்டுக் குறியாக்கமான பிட்லாக்கரின் மீட்புச் சாவியை எழுதி வையுங்கள். அது 48 இலக்க எண். பயாஸில் (கணினி எழும்பும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கும் பாதுகாப்பு) போன்ற ஓர் அமைப்பை மாற்றினாலே, அடுத்த முறை விண்டோஸைத் திறக்கும்போது அந்த எண்ணைக் கேட்டு நின்றுவிடும். பிட்லாக்கரை நாமாக இயக்கியதே இல்லை என்று நினைப்பவர்களின் கணினியிலும் அது இயங்கிக்கொண்டிருக்கலாம், ஏனென்றால் பல புதிய மடிக்கணினிகளில் வட்டுக் குறியாக்கம் தானாகவே இயங்கத் தொடங்கிவிடுகிறது. விண்டோஸில் நீங்கள் உள்நுழையும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சாவி சேமிக்கப்பட்டிருக்கும். அதைக் காகிதத்தில் எழுதுங்கள். அதே கணினிக்குள் சேமித்து வைத்தால் தேவைப்படும் நேரத்தில் எடுக்க முடியாது.

டைம்ஷிஃப்ட் செயலியை நிறுவி ஒரு நிலைப்படம் (கணினியின் இப்போதைய நிலையின் பிரதி) எடுத்து வைப்பதும் நல்லது. லினக்ஸ் மின்டில் அது ஏற்கெனவே இருக்கிறது.

2. முதலில் அளந்து பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். கடைசிவரை எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று அவர்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

உபுண்டுவின் மேசைச் சூழலான க்னோமின் பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற செயலியை மென்பொருள் அங்காடியிலிருந்து நிறுவுங்கள். அதில் பேட்டரியைத் தேர்ந்தெடுத்தால், இந்த நொடியில் எத்தனை வாட் செலவாகிறது என்று காட்டும். சார்ஜரைக் கழற்றிவிடுங்கள், சார்ஜர் இணைந்திருக்கும்போது காட்டும் எண் நமக்குப் பயன்படாது. திரை வெளிச்சத்தைப் பாதியில் வையுங்கள், வைஃபை இருக்கட்டும், மற்ற செயலிகளை எல்லாம் மூடுங்கள். ஐந்து நிமிடம் காத்திருந்துவிட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இனி எந்த மாற்றம் செய்தாலும் இதே நிலையில், இதே வெளிச்சத்தில்தான் அளக்க வேண்டும்.

அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதை ஒரு கணக்கு விளக்கிவிடும். உங்கள் பேட்டரி 50 வாட்-மணி கொள்ளளவு உடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். சும்மா இருக்கும்போதே 16 வாட் செலவானால் மூன்று மணி நேரம்தான் தாங்கும். 7 வாட் என்றால் ஏழு மணி நேரம். தனிச் சில்லு விழித்திருக்கிறதா, உறங்குகிறதா என்பது ஒன்றே இந்த அளவு வேறுபாட்டை உண்டாக்கக்கூடியது. மற்ற எல்லாச் சிக்கனமும் ஒரு வாட், அரை வாட் கணக்குத்தான்.

அதே செயலியில் இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள்: பேட்டரி தயாரிக்கப்பட்டபோது இருந்த கொள்ளளவு, இப்போது முழுவதும் ஏற்றினால் நிற்கும் கொள்ளளவு. 50 என்று இருந்தது 28 ஆகிவிட்டது என்றால் பேட்டரியே தேய்ந்துவிட்டது. கீழே சொல்லும் எதுவும் அதைத் திருப்பித் தராது. புது பேட்டரிக்குப் பணம் சேர்ப்பதுதான் வழி.

3. பயாஸில் இரண்டு இடங்களைப் பாருங்கள்

கணினியைத் தொடங்கும்போது எஃப்2 அல்லது டெலீட் விசையை அழுத்தி பயாஸுக்குள் போங்கள். லெனோவோ, எச்பி போன்றவற்றில் விசை மாறும்.

முதலாவது, கிராபிக்ஸ் முறை. விளையாட்டுக்கென்று விற்கப்படும் பல மடிக்கணினிகளில் ஹைப்ரிட், டிஸ்கிரீட் என்று இரண்டு தெரிவுகள் இருக்கும். டிஸ்கிரீட் என்று இருந்தால் கணினியின் சொந்தத் திரையே தனிச் சில்லோடு இணைந்திருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் லினக்ஸில் எதைச் செய்தாலும் சில்லு உறங்காது. ஹைப்ரிட் அல்லது டைனமிக் என்பதைத் தேர்ந்தெடுங்கள். சில நேரம் விண்டோஸில் இருக்கும் தயாரிப்பாளரின் செயலி வழியாக இதை மாற்றிவிட்டு மறந்துபோயிருப்போம். அங்கே செய்த மாற்றம் லினக்ஸுக்கும் பொருந்தும்.

இரண்டாவது, செக்யூர் பூட் இயங்குகிறதா இல்லையா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அணைக்க வேண்டாம். அணைக்காமலேயே வேலை நடக்கும், ஐந்தாம் படியில் வழி இருக்கிறது.

4. உங்கள் சில்லு எந்தத் தலைமுறை?

அடுத்து எந்த வழியில் போக வேண்டும் என்பதை இதுவே முடிவு செய்கிறது. சில்லின் பெயர் கணினியின் பெட்டியிலோ, விசைப்பலகை ஓரத்து ஒட்டியிலோ, வாங்கிய ரசீதிலோ இருக்கும். இல்லாவிட்டால் டெர்மினலில் எல்எஸ்பிசிஐ என்ற கட்டளை காட்டிவிடும்.

ஜிடிஎக்ஸ் 16 வரிசையும் ஆர்டிஎக்ஸ் 20 வரிசையும் டூரிங் தலைமுறை. ஆர்டிஎக்ஸ் 30 ஆம்பியர், ஆர்டிஎக்ஸ் 40 ஏடா, ஆர்டிஎக்ஸ் 50 பிளாக்வெல். இவை எல்லாம் வேலை இல்லாதபோது தாமாகவே மின்சாரத்தைத் துண்டித்துக்கொண்டு உறங்கக்கூடியவை. டூரிங்குக்கு மட்டும் ஒரு நிபந்தனை: இன்டெல் கணினியாக இருந்தால் காஃபி லேக் (2017இல் வந்த இன்டெல் செயலித் தலைமுறை) அல்லது அதற்குப் பிந்தைய தளமாக இருக்க வேண்டும்.

ஜிடிஎக்ஸ் 10 வரிசை பாஸ்கல். ஜிடிஎக்ஸ் 900 வரிசை மேக்ஸ்வெல். என்விடியாவின் டிரைவரோடு இவற்றால் அப்படி உறங்க முடியாது. 'தேவைப்படும்போது மட்டும்' என்ற முறையை (ஆறாம் படியில் வரும் ஆன்-டிமாண்ட்) இவற்றுக்கு வைத்தால் சில்லு நாள் முழுவதும் விழித்தே இருக்கும்.

எம்எக்ஸ் வரிசைதான் பலரை ஏமாற்றுகிறது. பெயர் புதிதாகத் தெரியும், உள்ளே இருப்பது பழையதாக இருக்கும். எம்எக்ஸ்130 மேக்ஸ்வெல். எம்எக்ஸ்150, 250, 330, 350 ஆகியவை பாஸ்கல். எம்எக்ஸ்450, 550 ஆகியவைதான் டூரிங். குறைந்த விலை மடிக்கணினி வாங்கியவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படித்துவிட்டு மேலே செல்லுங்கள்.

இரண்டாவது சில்லும் ஏஎம்டியாக இருந்தால் உங்களுக்கு வேலை மிகக் குறைவு. டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே இருக்கிறது, உறங்க வைப்பதையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. ஐந்தாம் படியைத் தாண்டி ஆறுக்குப் போய், உறங்குகிறதா என்று மட்டும் சரிபாருங்கள்.

5. டிரைவரை நிறுவுதல்

என்விடியாவின் தளத்துக்குப் போய் ரன் என்று முடியும் கோப்பை இறக்கி நிறுவாதீர்கள். விண்டோஸ் பழக்கத்தில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். அப்படி நிறுவியது உங்கள் விநியோகத்தின் தொகுப்பு மேலாளருக்குத் தெரியாது. கர்னல் புதுப்பிப்பு வரும் அன்று காலையில் கணினி கறுப்புத் திரையோடு நிற்கலாம்.

முதலில் கணினியை முழுவதும் புதுப்பித்து மறுதொடக்கம் செய்யுங்கள். பிறகு உபுண்டுவில் அடிஷனல் டிரைவர்ஸ் என்ற செயலியைத் திறந்தால் பொருந்தும் டிரைவர்களின் பட்டியல் வரும். டெஸ்டட் என்ற குறிப்பு உள்ளதை எடுங்கள். பெயரில் சர்வர் என்று இருப்பவை நமக்கு வேண்டாம். ஓப்பன் என்று இருப்பவை டூரிங்கும் அதற்குப் பிந்தையவையும் மட்டுமே ஏற்கும். ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு ஓப்பன் மட்டும்தான் வேலை செய்யும். டூரிங் சில்லில் ஓப்பன் வகையை நிறுவியபின் ஆறாம் படியில் உறக்கம் வரவில்லை என்றால், ஓப்பன் அல்லாததற்கு மாறி மீண்டும் அளந்து பாருங்கள். மேக்ஸ்வெல், பாஸ்கல் சில்லுகளுக்கு 580 வரிசைதான் கடைசி. அதைவிடப் பெரிய எண்ணைத் தேடி அலைய வேண்டாம். லினக்ஸ் மின்டில் இதே வேலைக்கு டிரைவர் மேனேஜர் இருக்கிறது.

நிறுவலுக்கு இருபது முப்பது நிமிடம் வரை ஆகலாம். இடையில் செக்யூர் பூட்டுக்காக ஒரு கடவுச்சொல் அமைக்கச் சொன்னால், எட்டு எழுத்துக்குக் குறையாமல், எளிதாகத் தட்டக்கூடியதாக அமையுங்கள். இது உங்கள் உள்நுழைவுக் கடவுச்சொல் இல்லை. ஒரே ஒரு முறை மட்டும் தேவைப்படும்.

மறுதொடக்கம் ஆகும்போது திரையை விட்டு எழுந்து போகாதீர்கள். நீலத் திரை ஒன்று வந்து, ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லும். பத்து நொடிதான் காத்திருக்கும். அதற்குள் அழுத்தி, என்ரோல் எம்ஓகே, கன்டினியூ, யெஸ் என்று வரிசையாகப் போய், அந்தக் கடவுச்சொல்லைத் தட்டி, ரீபூட் கொடுக்க வேண்டும். தேநீர் போடப் போனவர்கள் திரும்பி வரும்போது கணினி வழக்கம்போல எழும்பியிருக்கும், ஆனால் டிரைவர் ஏறியிருக்காது. காரணமும் எங்கும் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்காது. நீலத் திரையைத் தவறவிட்டால், டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினால் அது திரும்ப வரும். கடவுச்சொல் எதுவும் கேட்கவே இல்லையென்றாலும் கவலை வேண்டாம். உபுண்டு தானே கையொப்பமிட்ட தொகுப்பைத் தந்திருக்கிறது.

ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃபியூஷன் களஞ்சியத்தைச் சேர்த்து, அங்கிருந்து ஏகேமாட்-என்விடியா தொகுப்பை நிறுவ வேண்டும். அங்கே உள்ள கண்ணி வேறு. நிறுவல் முடிந்தது என்று டெர்மினல் சொன்னபிறகும் பின்னணியில் டிரைவர் தொகுக்கப்பட்டுக்கொண்டிருக்கும். உடனே மறுதொடக்கம் செய்தால் அரைகுறையாக நின்றுவிடும். ஐந்து நிமிடமாவது பொறுத்து, விசிறிச் சத்தம் அடங்கியபின் மறுதொடக்கம் செய்யுங்கள்.

6. முறையைத் தேர்ந்து, உறங்குகிறதா என்று பார்த்தல்

டிரைவரோடு என்விடியா எக்ஸ் சர்வர் செட்டிங்ஸ் என்ற செயலியும் வந்திருக்கும். அதில் பிரைம் புரொஃபைல்ஸ் என்ற பகுதியில் மூன்று தெரிவுகள் இருக்கும்.

செயல்திறன் முறை எல்லாவற்றையும் என்விடியாவிலேயே வரையும். பேட்டரியில் வேலை செய்பவர் இதைத் தொட வேண்டாம். ஆன்-டிமாண்ட் முறையில் திரையை இன்டெல் அல்லது ஏஎம்டி பார்த்துக்கொள்ளும். நாம் கேட்கும் செயலி மட்டும் என்விடியாவுக்குப் போகும். டூரிங்கும் அதற்குப் பிந்தையவையும் வைத்திருப்பவர்களுக்கு இதுதான். மூன்றாவதான மின்சேமிப்பு முறை தனிச் சில்லை முற்றிலும் அணைத்துவிடும். பாஸ்கல், மேக்ஸ்வெல் வைத்திருப்பவர்கள் அன்றாடம் இதிலேயே இருங்கள். சில்லு தேவைப்படும் நாளில் மட்டும் முறையை மாற்றி மறுதொடக்கம் செய்துகொள்ளலாம். டெர்மினலில் இதே வேலையைச் செய்வது பிரைம்-செலக்ட். மாற்றியபின் மறுதொடக்கம் கட்டாயம். வெறுமனே வெளியேறி உள்நுழைவதை நம்ப வேண்டாம்.

பிரைம்-செலக்ட் உபுண்டுவுக்கும் அதன் வழி வந்தவற்றுக்கும் உரியது. பாப் ஓஎஸ்ஸில் சிஸ்டம்76-பவர் இருக்கிறது, ஆசுஸ் மடிக்கணினிகளுக்கு சூப்பர்ஜிஎஃப்எக்ஸ்சிடிஎல், மற்றவற்றுக்கு என்விகண்ட்ரோல். ஒரு கணினியில் இவற்றில் ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் ஒன்று எழுதிய அமைப்பை மற்றொன்று அழிக்கும்.

இனி, உறக்கத்தைச் சரிபார்க்கும் இடம். என்விடியா-எஸ்எம்ஐ என்ற கட்டளையை ஓட்டிப் பார்ப்பதுதான் எல்லோரும் சொல்லித்தருவது. அந்தக் கட்டளையே உறங்கும் சில்லை எழுப்பிவிடும்! சில்லு எப்போதும் விழித்திருக்கிறதே என்று அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். எல்எஸ்பிசிஐ கட்டளையும் அப்படித்தான்.

எழுப்பாமல் பார்க்கும் வழி, கர்னலே எழுதி வைத்திருக்கும் ஒரு சிறு கோப்பைப் படிப்பது. கோப்பு மேலாளரில் மூல அடைவுக்கு (/ என்று குறிக்கப்படும் உச்சக் கோப்புறை) போய் சிஸ், பஸ், பிசிஐ, டிவைசஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் திறங்கள். அங்கே 0000:01:00.0 என்பது போன்ற எண்பெயர்களோடு அடைவுகள் இருக்கும். தனிச் சில்லின் எண் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். உங்கள் கணினியில் வேறாக இருந்தால் நான்காம் படியில் எல்எஸ்பிசிஐ காட்டிய எண்ணைப் பாருங்கள். அதற்குள் பவர் என்ற அடைவில் ரன்டைம்_ஸ்டேட்டஸ் என்ற கோப்பு இருக்கிறது. அதில் சஸ்பெண்டட் என்ற சொல் இருந்தால் சில்லு உறங்குகிறது. ஆக்டிவ் என்று இருந்தால் விழித்திருக்கிறது. செயலிகளை மூடி அரை நிமிடம் கழித்துப் பாருங்கள்.

7. உறங்க மறுத்தால்

பொறுமை அதிகம் தேவைப்படும் இடம் இதுதான். இந்த வரிசையில் பாருங்கள்.

வெளித்திரை இணைந்திருக்கிறதா? பல மடிக்கணினிகளில் எச்டிஎம்ஐ துளை தனிச் சில்லோடுதான் கம்பியால் இணைக்கப்பட்டிருக்கிறது. அதில் திரையைச் செருகியிருக்கும்வரை சில்லு உறங்காது. அதை எந்த மென்பொருளும் மாற்ற முடியாது. மின்சேமிப்பு முறையில் எச்டிஎம்ஐ துளை வேலையே செய்யாமல் போவதற்கும் இதுவே காரணம். துளை கெட்டுவிட்டது என்று சேவை மையத்துக்கு எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம். சில கணினிகளில் யுஎஸ்பி-சி துளை உள்சில்லோடு இணைந்திருக்கும். ஒரு மாற்றி இருந்தால் அதில் செருகிப் பாருங்கள்.

வெப்பநிலை காட்டும் சிறுசெயலி ஏதாவது மேற்பட்டையில் ஓடுகிறதா? இரண்டு நொடிக்கு ஒருமுறை என்விடியாவின் வெப்பத்தைக் கேட்டால் அது எப்படி உறங்கும்? நீக்கிவிடுங்கள். பேட்டரியை மிச்சம் பிடிக்க நினைப்பவர்களே இத்தகைய கருவிகளை விரும்பி நிறுவுகிறார்கள் என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்.

இயந்திரக் கற்றல் படிக்கும் மாணவர்கள் ஜூபிட்டர் குறிப்பேட்டைத் திறந்தே வைத்திருப்பார்கள். பயிற்சி முடிந்துவிட்டாலும் அதன் கர்னல் (குறிப்பேட்டின் பின்னால் ஓடும் நிரல், லினக்ஸ் கர்னல் அல்ல) சில்லின் நினைவகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். உலாவித் தாவலை மூடினால் போதாது, கர்னலை நிறுத்த வேண்டும். பின்னணியில் ஓடும் உள்ளூர் மொழி மாதிரிச் சேவைகளும் அப்படியே. யார் பிடித்திருக்கிறார்கள் என்று அறிய, இந்த ஒரு தேவைக்கு மட்டும் என்விடியா-எஸ்எம்ஐயை ஓட்டலாம். அடியில் பட்டியல் வரும். அதில் எக்ஸ்ஆர்க் (திரையை வரையும் சேவை) சில எம்பி எடுத்திருப்பதாகத் தெரிந்தால் பதற வேண்டாம். அது உறக்கத்தைத் தடுக்காது.

இவை எதுவும் இல்லை என்றால் அமைப்பைப் பாருங்கள். ஆம்பியரும் அதற்குப் பிந்தையவையும் தாமாகவே உறங்கும்படி டிரைவரில் அமைந்திருக்கும். டூரிங்குக்கு டைனமிக் பவர் மேனேஜ்மென்ட் என்ற தெரிவுக்கு 2 என்ற மதிப்பு தர வேண்டும். உபுண்டு ஆன்-டிமாண்ட் முறையில் அதைத் தானே செய்துகொள்கிறது, மற்றவற்றில் மாட்புரோப்.டி அடைவில் ஒரு கோப்பாக எழுத வேண்டியிருக்கும். எழுதியபின் இனிட்ராம்எஃப்எஸ்ஸை (தொடக்கத்தில் கர்னல் படிக்கும் கோப்புத் தொகுப்பு) புதுப்பித்து மறுதொடக்கம் செய்யாவிட்டால் அது நடைமுறைக்கு வராது.

இன்னொன்று, கண்டுபிடிக்கக் கடினமானது. தனிச் சில்லு என்பது ஒரே சாதனம் அல்ல. 01:00.0 என்பது கிராபிக்ஸ், 01:00.1 எச்டிஎம்ஐ வழி ஒலி, டூரிங்கில் 01:00.2, 01:00.3 என்று யுஎஸ்பி-சி தொடர்பான இரண்டும் இருக்கலாம். ஒரே வீட்டில் நால்வர் இருந்து ஒருவர் விளக்கைப் போட்டிருந்தாலும் மின்கணக்கி ஓடத்தானே செய்யும். இவற்றில் ஒன்று விழித்திருந்தாலும் மொத்தமும் விழித்திருக்கும். ஒவ்வொன்றின் பவர் அடைவிலும் கண்ட்ரோல் என்ற கோப்பு இருக்கிறது. அதில் ஆட்டோ என்று இருக்க வேண்டும். ஆன் என்று இருப்பதுதான் குற்றவாளி. அதை நிலையாக மாற்ற யூடெவ் விதி (சாதனங்கள் எப்படி இயங்க வேண்டும் என்று சொல்லும் அமைப்புக் கோப்பு) எழுத வேண்டும். அதன் வாசகம் டிரைவரோடு வரும் ஆவணத்தில், ரன்டைம் டி3 பற்றிய அத்தியாயத்தில் அப்படியே இருக்கிறது. அதை நகலெடுங்கள். வேறெங்கிருந்தும் எடுக்காதீர்கள்.

8. தேவைப்படும் செயலியை மட்டும் தனிச் சில்லில் ஓட்டுதல்

க்னோமில் செயலியின் சின்னத்தை வலச்சொடுக்கினால், தனிக் கிராபிக்ஸ் கார்டில் தொடங்கு என்ற பொருள்படும் ஒரு வரி வரும். மின்டின் பட்டியலிலும் அப்படியே. வரவில்லையென்றால் ஸ்விட்செரூ-கண்ட்ரோல் தொகுப்பை நிறுவி மறுதொடக்கம் செய்யுங்கள். டெர்மினலிலிருந்து தொடங்குவது என்றால், பல விநியோகங்களில் செயலியின் பெயருக்கு முன்னால் பிரைம்-ரன் என்று சேர்க்கலாம். ஏஎம்டிக்கு டிஆர்ஐ_பிரைம் என்ற மாறிக்கு 1 தர வேண்டும். இதன் பெயரை மட்டும் பேரெழுத்துகளில் தட்ட வேண்டும்.

என்விடியாவின் கணிப்புத் தளமான கூடாவைப் பயன்படுத்தும் பைடார்ச், பிளெண்டரின் சைக்கிள்ஸ் போன்றவற்றுக்கு இது எதுவுமே தேவையில்லை. ஆன்-டிமாண்ட் முறையில் அவை தாமாகவே சில்லைக் கண்டுபிடித்துக்கொள்ளும். இது தெரியாமல் பலர் செயல்திறன் முறையிலேயே நாள் முழுவதும் கணினியை ஓட்டுகிறார்கள்.

9. மற்ற மின்சேமிப்பு

மேலே உள்ளது முடிந்து, இரண்டாம் படியில் அளந்த எண் இறங்கிய பிறகே இதற்கு வாருங்கள்.

உபுண்டுவில் மேல்வலது மூலையில் பவர் மோட் இருக்கிறது. அதன் பின்னால் இயங்குவது பவர்-புரொஃபைல்ஸ்-டீமன். பேட்டரியில் இருக்கும்போது பவர் சேவர் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலானோருக்குப் போதும். அதற்கு மேலும் கட்டுப்பாடு வேண்டுமென்றால் டிஎல்பி என்ற மின்சேமிப்புக் கருவி. இரண்டும் ஒரே கணினியில் கூடாது. ஒன்று செயலியின் வேகத்தைக் குறைக்க, மற்றொன்று ஏற்றும். டிஎல்பி நிறுவினால் முந்தையது நீங்கிவிட்டதா என்று உறுதிசெய்யுங்கள். ஃபெடோரா 41 முதல் அந்த இடத்தில் டியூன்டு இருக்கிறது, ஆகவே அங்கே நீக்க வேண்டியது அது. ஆட்டோ-சிபியுஃப்ரீக் என்ற மூன்றாவதையும் சேர்க்கும் அறிவுரை கண்ணில் படும், வேண்டாம்.

பவர்டாப், எது எத்தனை முறை செயலியை எழுப்புகிறது என்று பார்க்க மிக நல்ல கருவி. அதன் ஆட்டோ-டியூன் தெரிவை மட்டும் யோசித்துப் போடுங்கள். யுஎஸ்பி சுட்டியையும் விசைப்பலகையையும் அது உறங்க வைத்துவிடும். சில நொடி தொடாமல் இருந்தால் சுட்டி அசையாது.

திரை 144 ஹெர்ட்ஸ் என்றால் பேட்டரியில் 60க்கு இறக்குங்கள். காணொளி பார்ப்பவர்கள் உலாவி வன்பொருள் வழியாக அதை விரிக்கிறதா என்று பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸ் 115 முதல் இன்டெல் கிராபிக்ஸில் இது தானாகவே இயங்குகிறது.

மூடி வைத்தாலும் பையில் சூடாகி பேட்டரி கரைகிறது என்றால் அது வேறு விவகாரம். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் பழைய ஆழ்ந்த உறக்கம் இல்லை. எஸ்2ஐடில் என்ற மேலோட்டமான உறக்கம் மட்டுமே. சிஸ் அடைவில் பவர், அதற்குள் மெம்_ஸ்லீப் கோப்பைப் பாருங்கள். டீப் என்ற சொல்லும் இருந்தால் அதற்கு மாறலாம். சில திங்க்பேட்களின் பயாஸில் ஸ்லீப் ஸ்டேட் என்ற இடத்தில் லினக்ஸ் என்று தேர்ந்தெடுத்தால் டீப் கிடைக்கும். கிடைக்காத கணினியில், நீண்ட பயணத்துக்கு முன் அணைத்துவிடுவதே நல்லது.

எப்போதும் சார்ஜரிலேயே வைத்திருப்பவர்கள் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள். பேட்டரி மெதுவாகத் தேயும். க்னோம் 48 முதல் பவர் அமைப்பிலேயே இதற்கான தெரிவு இருக்கிறது. உபுண்டு 24.04இல் அது இல்லை. டிஎல்பியின் அமைப்புக் கோப்பில் தொடக்கம் 75, நிறுத்தம் 80 என்று எழுதலாம். கேடிஇ பிளாஸ்மாவிலும் இருக்கிறது. எல்லாவற்றிலும் கணினியின் வன்பொருள் அதை ஏற்க வேண்டும்.

10. திரை கறுத்துப் போனால்

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்துத் திரை வந்தால் உள்நுழைந்து, முன்னால் சூடோ (நிர்வாகி உரிமை தரும் சொல்) சேர்த்து, பிரைம்-செலக்ட் இன்டெல் (மின்சேமிப்பு முறைக்கான கட்டளை) என்று தந்து மறுதொடக்கம் செய்யுங்கள். பெரும்பாலும் திரை திரும்பிவிடும்.

எழுத்துத் திரையும் வரவில்லையென்றால் கணினியைத் தொடங்கும்போது எஸ்கேப் விசையை மெதுவாகத் தட்டி கிரப் (எதில் எழும்புவது என்று தேர்ந்தெடுக்கும் தொடக்கத் திரை) பட்டியலைக் கொண்டுவாருங்கள். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் முந்தைய கர்னல் இருக்கும். கர்னல் புதுப்பிப்புக்குப் பிறகு வந்த சிக்கல் என்றால் அதில் எழும்பிவிடும். உள்ளே போய் டிரைவரை மறுபடி நிறுவுங்கள். இதனால்தான் வட்டில் இடம் மிச்சம் பிடிக்க என்று பழைய கர்னலை நீக்கக் கூடாது. ஒன்றையாவது வைத்திருங்கள்.

அதுவும் உதவவில்லையென்றால் கிரப் பட்டியலில் இ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் என்று சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். திரை கரடுமுரடாக வரும். டிரைவரை நீக்க அது போதும். அந்தச் சொல் அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டுமே பொருந்தும். அதை நிலையாக எழுதிவைக்கச் சொல்லும் குறிப்புகளைப் பின்பற்றாதீர்கள், ஏனென்றால் நோமோட்செட் இருக்கும்வரை உள்சில்லின் டிரைவரும் ஏறாது. பேட்டரி முன்னைவிட வேகமாகத் தீரும்.